காக்கையும் பனம்பழமும் கூகுள் அப்டேட்டும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. உருண்டை உருண்டையான பெரிய கற்களின் படங்கள் கூடவே வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. புவியியல் அறிந்தவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். முட்டையும் இல்லை, ஓடும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரினங்களின் எச்சங்களும், அவற்றோடு சேர்ந்து இறுகிப்போன வண்டல் உருண்டைகளும்தான் அவை.

நம்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2009-ல் பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்து, அது உலகச் செய்தியாகியிருந்தது. ஒருமுறை உண்மையாக நடந்த வட்டாரத்தில் அடுத்த வதந்திக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

தேடுபொறிகளைச் சுற்றி நடக்கும் பேச்சும் இதே கதைதான். கூகுள் தன் தேடல் முறையை மாற்றுவதும், அதனால் சில தளங்கள் ஒரே வாரத்தில் வாசகர்களை இழப்பதும் உண்மையாக நடந்திருக்கின்றன. அந்த உண்மையின் தோளில் ஏறிக்கொண்டு நூறு ஊகங்கள் ஊர்வலம் போகின்றன. செந்துறை, ஆண்டிமடம் பக்கத்தில் இணையம் வழியே முந்திரி விற்பவரோ, ஜெயங்கொண்டத்தில் உட்கார்ந்து வேலைவாய்ப்புச் செய்தித் தளம் நடத்துபவரோ, ஒரு நாள் காலையில் எண்ணிக்கை சரிந்திருப்பதைப் பார்த்தால் அவர் காதில் முதலில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: “அப்டேட் அடிச்சிடுச்சு.” இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் அதைச் சொன்ன ஆலோசகரின் கட்டண விவரமாக இருக்கும்.

இந்தப் பேச்சுக்கு வயது இருபதுக்கும் மேல். 2003-க்கு முன்பு கூகுள் தன் தரவுத்தொகுப்பை ஏறத்தாழ மாதம் ஒருமுறை புதுப்பித்தது. அந்த நாட்களில் முடிவுகள் முன்னும் பின்னும் ஆடும். தளம் நடத்துவோர் அதைக் ‘கூகுள் நடனம்’ என்றார்கள். 2003 பிப்ரவரியில் வந்த மாற்றத்துக்கு ‘பாஸ்டன்’ என்று பெயர் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘ஃப்ளோரிடா’தான் முதல் பெரிய அடி. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் பல சிறு கடைகளின் தளங்கள் முடிவுகளில் இருந்து காணாமல் போயின. விளம்பரம் வாங்க வைப்பதற்காகக் கூகுள் செய்த சதி என்றார்கள் சிலர். தடை செய்யப்பட்ட சொற்களின் ரகசியப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் யாரும் நிரூபிக்கவில்லை; இரண்டும் இன்றுவரை சாகவுமில்லை.

அடுத்த பெரிய அதிர்ச்சி 2011 பிப்ரவரியில் வந்தது. மேலோட்டமான கட்டுரைகளை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்த தளங்களைக் கீழே தள்ளிய அந்த மாற்றம், அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைத் தொட்டதாகக் கூகுளே சொன்னது. வெளியில் இருந்தவர்கள் முதலில் அதை ‘ஃபார்மர்’ என்றார்கள். நிறுவனத்துக்குள் அதன் பெயர் ‘பாண்டா’, ஒரு பொறியாளரின் குடும்பப் பெயர் அது என்று பிறகு தெரியவந்தது. உடனே இணையம் தேடத் தொடங்கி, கூகுளில் வேலை பார்த்த பிஸ்வநாத் பாண்டாதான் அவர் என்று முடிவு கட்டியது. உண்மையில் அவர் நவ்நீத் பாண்டா. பெயரைக் கண்டுபிடிப்பதிலேயே இத்தனை அவசரம் என்றால், சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னவர்களின் அவசரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் சுற்றில் ஈஹவ் என்ற பெரிய தளம் தப்பித்துவிட்டது. அது எப்படித் தப்பியது என்று அலசல்கள் வந்தன. ஏப்ரலில் வந்த அடுத்த சுற்றில் அதுவும் அடி வாங்கியது. அலசல் எழுதியவர்கள் அடுத்த அலசலுக்குப் போய்விட்டார்கள்.

தமிழ் வாசகர் இங்கே கவனிக்க வேண்டிய தேதிகள் சில உண்டு. 2011 பிப்ரவரி பாண்டா அமெரிக்காவுக்கு மட்டுமானது. ஏப்ரலில் அது உலகெங்கும் ஆங்கிலத் தேடல்களுக்குப் போனது. ஆகஸ்டில்தான், சீனம், ஜப்பான், கொரிய மொழிகள் நீங்கலாக, பிற மொழிகளுக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு தமிழ்த் தளம் சரிந்திருந்தால் அதற்குப் பாண்டாவைக் காரணம் சொல்ல வழியே இல்லை. 2022 ஆகஸ்டில் ‘பயனுள்ள உள்ளடக்கம்’ என்ற பெயரில் வந்த மாற்றமும் அப்படித்தான்: முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும், எல்லா மொழிகளுக்கும் அந்த டிசம்பரில். பொருள் விமர்சனக் கட்டுரைகளுக்கான மாற்றம் 2021-ல் ஆங்கிலத்தில் தொடங்கி 2023 பிப்ரவரியில் மேலும் பத்து மொழிகளுக்கு விரிந்தபோது ஸ்பானிஷ், வியட்நாமியம், இந்தோனேசியம் எல்லாம் அதில் இருந்தன, தமிழ் இல்லை. இவை யாவும் கூகுள் வெளியிட்ட அறிவிப்புகளிலேயே இருக்கின்றன. அமெரிக்காவில் மழை என்று செய்தி கேட்டவுடன் அரியலூரில் குடை விரிப்பவர்கள் அந்த அறிவிப்பின் இரண்டாவது பத்தியைப் படிப்பதில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. 2013 செப்டம்பர் 26 அன்று ‘ஹம்மிங்பேர்டு’ என்ற புதிய தேடல் முறையைக் கூகுள் அறிவித்தது. ஏறத்தாழ எல்லாத் தேடல்களையும் தொடும் அளவுக்குப் பெரிய மாற்றம். அறிவித்த நாளில் அது ஏற்கெனவே ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் முடிவுகளை அளந்துகொண்டிருந்த நிபுணர் கூட்டத்தில் அதைச் சரியாக இனம் கண்டவர் இல்லை. வராத புலிக்கு ஓடியவர்கள், வந்த புலி பக்கத்தில் படுத்திருந்ததைப் பார்க்கவில்லை.

வராத புலிகளின் பட்டியல் நீளமானது. கைப்பேசிக்கு ஏற்ற தளங்களுக்கு முன்னுரிமை தரும் மாற்றம் 2015 ஏப்ரல் 21-ல் வரும் என்று கூகுள் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட, ‘மொபைல்கெடான்’ என்று பிரளயப் பெயர் சூட்டினார்கள். நாள் வந்தது, போனது. பயந்த அளவுக்கு எதுவும் இடியவில்லை. 2017 மார்ச்சில் முடிவுகள் ஆடியபோது அதற்குப் பெயர் கேட்டு நச்சரித்தவர்களிடம், இனி வேறு பெயர் சொல்லாத அப்டேட் எல்லாம் ‘ஃப்ரெட்’தான் என்று கூகுளின் கேரி இலீஸ் கிண்டலாகச் சொன்னார். கிண்டல் அது. ஆனால் ‘ஃப்ரெட் அடியில் இருந்து மீள்வது எப்படி’ என்று வழிகாட்டிகள் வந்தன, சேவைகள் விற்கப்பட்டன.

2020 ஆகஸ்ட் 10 இன்னும் சுவையானது. அன்று முடிவுகள் தலைகீழாகப் புரண்டன. முதல் பக்கத்தில் சம்பந்தமில்லாத தளங்கள் வந்து உட்கார்ந்தன. இதுவரை வந்ததிலேயே மோசமான அப்டேட் என்று ஒரே இரவில் தீர்ப்பு எழுதப்பட்டது. மறுநாள் கூகுள் விளக்கம் சொன்னது: பக்கங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பில் கோளாறு, சரிசெய்துவிட்டோம். அன்று இரவோடு இரவாகத் தலைப்புகளை மாற்றி, பழைய கட்டுரைகளை அழித்தவர்களுக்கு அழித்தது போனதுதான்.

இத்தனை ஊகங்கள் ஏன் பிழைக்கின்றன? காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. 2018-ல் தேடலில் 3,234 மாற்றங்கள் செய்ததாகக் கூகுள் சொன்னது. 2022-க்கு அது தந்த எண் 4,725. அதாவது நாளொன்றுக்குச் சராசரி 13. இவற்றில் பெயரிட்டு அறிவிக்கப்படுபவை மிகச் சிலவே. அந்தச் சிலவும் ஓரிரு நாளில் முடிவதில்லை. 2023 ஆகஸ்ட் 22 முதல் டிசம்பர் 7 வரையான காலத்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நாட்களில் அறிவிக்கப்பட்ட அப்டேட் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் எந்தத் தளம் எந்தக் காரணத்தால் சரிந்திருந்தாலும் பக்கத்திலேயே குற்றம் சாட்ட ஓர் அப்டேட் தயாராக இருந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்; ஆனால் இது மரம் முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்திருக்கும் பனை.

முந்திரிக் கடைக்கே வருவோம். 2024 தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக்கு முன் முந்திரி, நெய், வெல்லம் என்று தேடியவர்கள் பண்டிகை முடிந்ததும் தேடுவதை நிறுத்துவார்கள். நவம்பர் இரண்டாம் வாரத்தில் வரைபடம் இறங்கும், இறங்கத்தான் வேண்டும். அந்த ஆண்டின் நவம்பர் அப்டேட் தொடங்கியது 11-ஆம் தேதி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற ஆலோசகர் “அல்காரிதம் மாறிடுச்சு” என்பார். தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் 16 மாதத் தரவு இலவசமாகக் கிடக்கிறது. முந்தைய தீபாவளிக்குப் பிந்தைய இரு வாரங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பயம் அங்கேயே அடங்கும். 2023 தீபாவளி நவம்பர் 12. அந்த மாதமும் ஓர் அப்டேட் ஓடியது என்பதால், இந்த ஒப்பீடும் முழுத் தெளிவைத் தந்துவிடாது. ஒரே கருவியில் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு சொல்பவரிடம் இருந்து விலகி நிற்க இதுவும் ஒரு காரணம்.

அளக்கும் கோலே மாறிப்போன சம்பவமும் உண்டு. 2025 செப்டம்பர் நடுவில் பல தளங்களின் சர்ச் கன்சோலில், பக்கம் எத்தனை முறை முடிவுகளில் காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை பொத்தென்று விழுந்தது. ஆனால் கிளிக் எண்ணிக்கை அதே அளவுக்கு விழவில்லை. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளை வரவழைக்கும் வசதியைக் கூகுள் அந்த நாட்களில்தான் நிறுத்தியிருந்தது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அந்த வசதியை நம்பித்தான் ஓடின. மனிதர் யாரும் எட்டிப் பார்க்காத எழுபதாம், எண்பதாம் இடங்களில் மென்பொருள்கள் பார்த்த பார்வையும் அதுவரை கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது என்பதே துறையினர் பலரின் விளக்கம். வாசகர் குறையவில்லை, எண்ணிக்கைதான் குறைந்தது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எத்தனை தளங்கள் ‘மீட்புப் பணி’க்குப் பணம் கொடுத்தனவோ!

செந்துறைக்கென்றே உள்ள சிக்கல் வேறு. இந்தப் பெயரில் அரியலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலும் ஒரு செந்துறை இருக்கிறது. ‘செந்துறை ஹார்டுவேர் கடை’ என்று தேடுபவர் எந்த ஊர்க்காரர் என்பதைத் தேடுபொறி ஊகித்தாக வேண்டும். அரியலூர்ச் செந்துறையின் முகவரியே பலமுறை மாறியது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது; 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது; 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. பழைய பக்கங்களில் ஒரே கடை மூன்று மாவட்டங்களில் இருக்கலாம். ‘துறை’யை ‘துரை’ என்று எழுதுபவர்களும் குறைவில்லை. மேப்பில் கடை தெரியவில்லை என்றால் 2021 இறுதியில் வந்த உள்ளூர்த் தேடல் மாற்றத்தைப் பழிக்கும் முன்பு, முகவரியும் பின்கோடும் போன் எண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. கடைக்காரர் தன் கடையில் நின்றுகொண்டு தன் போனில் தேடிப் பார்த்து “நாமதான் முதல்ல வர்றோம்” என்று மகிழ்வதும் தன்னையே ஏமாற்றிக்கொள்வதுதான். உள்ளூர்த் தேடலில் தூரம் ஓர் அளவுகோல் என்று கூகுளே சொல்கிறது. கடைக்குள் நிற்பவருக்குத் தூரம் பூஜ்யம்.

அப்படியானால் கூகுள் சொல்வதை மட்டும் நம்பிவிடலாமா? அதுவும் ஆபத்துதான். பயனர்கள் எந்த முடிவைச் சொடுக்குகிறார்கள் என்பதை வைத்துத் தரவரிசை போடுகிறீர்களா என்ற கேள்விக்குக் கூகுள் ஆட்கள் பல ஆண்டுகள் மழுப்பியும் மறுத்தும் வந்தார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணை 2023 செப்டம்பரில் வாஷிங்டனில் தொடங்கியது. அங்கே சாட்சிக் கூண்டில் ஏறிய கூகுள் துணைத் தலைவர் பாண்டு நாயக், ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு பயனர்களின் சொடுக்குகளைப் பயன்படுத்துவதையும், அதற்கு 13 மாதத் தரவு எடுக்கப்படுவதையும் விளக்கினார். 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் 2,500 பக்கங்களுக்கு மேல் வெளியே கசிந்தன. 14,014 கூறுகள் அதில் பெயர் சொல்லப்பட்டிருந்தன. ஆவணங்கள் அசலானவை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை, எது இன்னும் பயனில் இருக்கிறது, எது கைவிடப்பட்டது என்பது அந்தப் பக்கங்களில் இல்லை. கசிவு வந்த வாரத்திலேயே ‘14,014 ரகசியங்கள்’ என்று வகுப்புகள் விற்றவர்கள், சமையல் சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சமைத்த சாப்பாட்டுக்கு ருசி சொன்னவர்கள்.

ஊகித்தவர்கள் எப்போதும் தோற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. சொடுக்கு கணக்கில் வருகிறது என்று பல ஆண்டுகளாகச் சோதித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று நீதிமன்றத்தில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் மறுபடி வந்த ‘பயனுள்ள உள்ளடக்கம்’ மாற்றத்துக்குப் பிறகு பல சிறு தனித் தளங்கள் வாசகர்களை உண்மையாகவே இழந்தன. காற்றுச் சுத்திகரிப்பான்களைச் சோதித்து எழுதும் ஹவுஸ்ஃப்ரெஷ் தன் சரிவைத் தரவுகளோடு எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பாதிக்கப்பட்ட தளக்காரர்கள் சிலரை 2024 அக்டோபரில் கூகுள் தன் தலைமையகத்துக்கு அழைத்துப் பேசியது. இந்தப் புகார்களை வதந்தி என்ற ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். சோதித்துப் பதிவு செய்தவருக்கும், காற்றில் கேட்டதைக் கத்தியவருக்கும் உள்ள இடைவெளியைத்தான் வாசகர் பார்க்க வேண்டும்.

அந்த இடைவெளிக்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனம், கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் போனது. நுகர்வோர் அமைப்பான கட்ஸும் புகார் தந்தது. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்து, 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விமானப் பயணத் தேடலுக்குத் தன் சொந்தப் பெட்டியை முன்னால் வைத்தது உள்ளிட்ட சில தவறுகள் உறுதியாயின. தேடல் விளம்பரங்களை நடத்தும் முறை பற்றிய குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. ஆறு உறுப்பினர்களில் இருவர் மாறுபட்டார்கள். புகாரில் ஒரு பகுதி நின்றது, ஒரு பகுதி விழுந்தது. ஆவணமும் எதிர்வாதமும் கூடும்போது உண்மை பெரும்பாலும் இப்படித்தான் துண்டு துண்டாக வெளிவரும். யூடியூப் முகப்புப் படத்தில் சிவப்பு அம்புக்குறியோடு முழுசாக வருவதில்லை.

தேடல் எண்ணிக்கை பற்றிய கவலை தமிழுக்குப் புதிதாக முளைத்ததும் அல்ல. 2018 பிப்ரவரியில், தளங்களுக்கு விளம்பர வருமானம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதும், அதுவரை ஆர்வத்துக்கு எழுதியவர்களுக்கு எண்ணிக்கையே வருமானமானது. 2019 டிசம்பரில் வாக்கியப் பொருளை அறியும் ‘பெர்ட்’ தொழில்நுட்பம் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்தபோது தமிழும் அதில் இருந்தது. 2024 அக்டோபரில், தேடலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கங்கள் தமிழிலும் வரும் என்று அறிவித்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரியது. பதில் மேலேயே கிடைத்துவிட்டால் கீழே உள்ள தளத்துக்குள் வாசகர் ஏன் வர வேண்டும்? ரேங்க் குறையாமலே வரவு குறையலாம். ஆனால் பழைய பாடம் படித்த எஸ்.இ.ஓ. (தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீரமைக்கும்) ஆட்கள் இன்னும் கீவேர்டு எண்ணிக்கையையும் மெட்டா கீவேர்டையும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெட்டா கீவேர்டைத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

சரிவைக் கண்டவர் செய்ய வேண்டிய வேலை சலிப்பூட்டும் வேலைதான். தளம் திறக்கிறதா, சான்றிதழ் காலாவதியா, புதிதாக மாற்றிய தீமில் யாராவது தேடலில் சேர்க்காதே என்னும் ‘நோஇண்டெக்ஸ்’ குறிப்பைப் போட்டுவிட்டார்களா என்று முதலில் பார்க்கலாம். பிறகு சரிந்தது எல்லாப் பக்கங்களுமா, இரண்டு மூன்றா என்பது. அதற்குப் பிறகுதான் கூகுள் 2022 டிசம்பரில் தொடங்கிய தேடல் நிலவரப் பக்கத்தைத் திறந்து தேதிகளை ஒப்பிட வேண்டும். அப்டேட் முழுதாக முடிந்து ஒரு வாரம் கழித்தே ஆராயுங்கள் என்பது கூகுளின் சொந்த அறிவுரை. அதற்குள் எதையும் அழிக்காமல் இருப்பதே பெரிய சேவை.

ஆடும் முடிவுகளை வானிலை போலக் காட்டும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களையும் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளையும் சுற்றியவை. தமிழ்த் தேடலுக்கு அந்தக் குறையை நிரப்பக் கோடி ரூபாய் தேவையில்லை. முந்திரி விலை, பத்திரப் பதிவு, பேருந்து நேரம், தேர்வு முடிவு என்று தமிழர் அன்றாடம் தேடும் சில நூறு சொற்களை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து முடிவுகளைப் பதிவு செய்து பொதுவில் வைத்தால் போதும். அரியலூர் அரசு கலைக் கல்லூரி, பெரம்பலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றின் கணினித் துறைகள் இதை ஒரு மாணவர் திட்டமாக எடுத்து இரண்டு ஆண்டு நடத்தட்டும்.